நவீன வீடுகளுக்குள் நுழைந்து பார்த்த அனுபவங்கள்: காற்று எந்த வழியாக வருகிறது?

திருச்சியிலிருந்து

வீடு கட்டுகிறவர்கள், வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்டீரியர் வேலை செய்யப் போகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. 3டி படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், புரொஃபைல் லைட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டுக்கு டிசைனர் கொண்டுவந்த படம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சாம்பலும் வெள்ளையுமாகப் படுக்கையறை, தலைமாட்டில் வரி வரியாக மரப் பலகை, ஒரு சுவர் முழுக்க வார்ட்ரோப். என் மாமியார்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வடக்கு ஜன்னல் எங்க?" என்று கேட்டார். அது வார்ட்ரோப்புக்குப் பின்னால் போயிருந்தது. "ஏசி போடத்தானே போறீங்க மேடம்" என்றார் அந்தத் தம்பி. திருச்சி வெயிலுக்கு ஏசி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மார்கழியிலும் தையிலும் எதற்கு ஏசி? ஆடிக் காற்று அடிக்கிற நாளில் எதற்கு? வார்ட்ரோப்பை மேற்குச் சுவருக்கு மாற்றச் சொன்னோம். சாயங்கால வெயில் முழுவதையும் வாங்குகிற சுவர் அது. இரண்டடி ஆழத்துக்கு அலமாரியும் துணியும் நடுவில் நிற்பதால் அறைக்குள் இறங்கும் சூடு நன்றாகவே குறைந்திருக்கிறது.

இப்படிப் பார்க்கும் கண் எனக்கு வந்தது புதுச்சேரியில் கோல்கொண்டே கட்டடத்தைப் பார்த்த பிறகு. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம் அது. 1937-ல் வேலை தொடங்கியிருக்கிறார்கள். வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில் செய்தவர். கூடவே இருந்து வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெரிய பெயர் வாங்கினார்.

கான்கிரீட் கட்டடம்தான், ஆனால் வடக்கிலும் தெற்கிலும் நாம் சுவர் என்று சொல்கிற சுவர் கிடையாது. நீளவாக்கில் படுக்கையாகப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக முகப்பு முழுக்க. திருப்பினால் அந்த வரிசை மொத்தமாகத் திறக்கும், சாய்த்தால் மழைச்சாரலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஜன்னல் கண்ணாடியே இல்லை. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் தேக்குச் சட்டம் அடித்த தள்ளுகதவு. அதை மூடினாலும் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். தரை கறுப்புக் கடப்பைக் கல். தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. வெயில் மேல் கூரையோடு நின்றுவிடுகிறது. அறைக்குள் சாமான் மிகக் குறைவு. அந்த அறை அழகாக இருப்பதற்குக் காரணம் வெளிச்சம் விழுகிற விதம். பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள், ஆட்கள் வாழ்கிற இடம், சத்தம் கூடாது.

சமையலறை பற்றி ஒன்றே ஒன்று. சிங்க்குக்குக் கீழே வருகிற கேபினட்டுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரநிலை முத்திரை உள்ள மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட் மட்டும் போடுங்கள். மேலே ஒட்டுகிற லேமினேட் எவ்வளவு விலையானாலும் ஈரம் விளிம்பு வழியாகத்தான் ஏறும். எங்கள் ஆசாரி அண்ணன் கடையிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து, எங்கள் அடுப்பிலேயே கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு உளியால் நெம்பிக் காட்டினார். அடுக்கு பிரியவில்லை. அதன் பிறகுதான் மொத்த ஷீட்டும் இறங்கியது.

நாகர்கோவிலிலிருந்து

அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், அதனால் கண் திறந்தது, செலவு குறைந்த வீடுகளுக்குப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களில். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) வளாகத்துக்குப் போனால் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களைப் பார்க்கலாம். ஜன்னலுக்குச் சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி என்று ஒரு செலவும் இல்லாமல் காற்றும் வெளிச்சமும் வருகிறது. உள்ளே நிற்கும்போது தரையில் விழுகிற நிழல் வெயில் நகர நகர மாறிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய அலங்காரம் எந்த வால்பேப்பரிலும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ராட் டிராப் (எலிப்பொறி) முறையில் சுவர் கட்டினோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. சுவர் அதே 9 அங்குலம், ஆனால் நடுவில் வெற்றிடம். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், வெளிச் சூடும் சீக்கிரம் உள்ளே வராது. கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். கான்கிரீட் மிச்சம், பாரமும் குறைவு. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடு வரிசை வரிசையாகத் தெரியும். நாங்கள் ஃபால்ஸ் சீலிங் போடவே இல்லை.

இந்தச் சுவர் கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். மேல் கேபினட் எந்தச் சுவரில், டிவி எங்கே, கீசர் எங்கே என்று வரைபடத்திலேயே உயரத்தோடு குறித்துக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். நடு பொள்ளலாக இருப்பதால் டிரில் போட்டால் திருகு பிடிக்காமல் சும்மா சுற்றும். அந்த உயரங்களில் மட்டும் எங்கள் மேஸ்திரி வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்டிக் கொடுத்தார். இன்று பாத்திரம் நிறைந்த கேபினட் அசையாமல் நிற்கிறது. இன்னொன்று, பூசாத செங்கல் சுவருக்கு நல்ல சூளைக்கல் வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு மழையும் உண்டு. சாரல் அடிக்கிற பக்கம் சன்ஷேடை நீட்டிப் போட்டோம், பாயிண்டிங்கில், அதாவது செங்கல் இடுக்குகளைக் கலவையால் அடைப்பதில், ஒரு ஊசித் துளை கூட விடவில்லை. கல் தரம் இல்லாத ஊரில் ஆசைக்காகப் பூசாமல் விடுவதை நான் சொல்லமாட்டேன்.

கொழும்பிலிருந்து

இரண்டு பேரும் எழுதினதை வாசிக்கச் சந்தோஷமாக இருக்கு. எங்கட பக்கம் என்றால் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாதான். சட்டத்தரணியாக இருந்துவிட்டுப் பிறகு கட்டடக்கலை படித்தவர். கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் (சந்தில்) இருக்கிற அவருடைய வீட்டை முன்பதிவு செய்து போய்ப் பார்க்கலாம். ஒரே வரிசையில் இருந்த நாலு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியிருக்கத் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1968 அளவில் நாலையும் ஒன்றாக்கியிருக்கிறார். ஒழுங்கையிலிருந்து பார்த்தால் உள்ளே இவ்வளவு இருக்கு என்று தெரியாது. வெள்ளைச் சுவரோடு ஒரு நீண்ட நடை. அது இருட்டப் போகுது என்று நினைக்கிற இடத்தில் மேலே திறந்த ஒரு சின்ன முற்றம் வரும், அதில் கொஞ்சம் செடி, கொஞ்சம் தண்ணீர். பிறகு திரும்பவும் நிழல். சின்னக் காணிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டின வீடும் நடுமுற்றத்தைச் சுற்றித்தான். நகரம் நெருக்கியபோது அதை இடிக்க விடாமல், பகுதி பகுதியாகக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், மனம் நிறைந்தது.

வெள்ளவத்தையில் அண்ணா ஆறு பேர்ச் (ஏறக்குறைய 1,600 சதுர அடி) காணியில் வீடு கட்டும்போது, இந்த யோசனையைத்தான் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவு இடத்தை வானத்துக்குத் திறந்து விட்டிருக்கு. பக்கத்து மதில்கள் ஒட்டி இருக்கிறதால் பக்க ஜன்னல் ஒன்றாலும் பிரயோசனம் இல்லை, முழு வெளிச்சமும் அதால்தான். சூடான காற்று அதால் மேலே போகுது, முன் கதவால் புதுக் காற்று வருது. நுளம்புக்கு மேலே வலை அடித்திருக்கு. மழைத் தண்ணீர் போக இரண்டு குழாய் வைக்கவேணும் என்று அண்ணி பிடிவாதமாக நின்றா. இலை விழுந்து ஒன்று அடைத்தாலும் மற்றது வேலை செய்யும். இப்ப கனமழைக்கும் பயமில்லை.

திருச்சி அக்கா, தரைக்கு என்ன போட்டீர்கள்? இங்கே எல்லாரும் கண்ணாடி மாதிரி மினுங்கும் டைல்தான் போடுகினம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஈரக்காலோடு நடக்கப் பயமாக இருக்கு.

திருச்சியிலிருந்து

தங்கச்சி, கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கிறோம். காரைக்குடிப் பக்கம் போய்ச் செய்வதைப் பார்த்துத்தான் வாங்கினேன். கண்ணாடித் தட்டைத் துடைத்து, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, மேலே பூ அச்சை இறக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு இதழுக்குள், பச்சை இலைக்குள், ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழவில்லை. அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே மணலும் சிமென்ட்டும் உலர்ந்த கலவையாகத் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டுத் தட்டிச் சமன் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடித் தட்டிலிருந்து வருவது.

வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. ஆனால் அம்மாவுக்காக என்றால், தண்ணீர் சிந்துகிற இடத்தில் இதையும் போடாதீர்கள். ஈரத்தில் இதுவும் கொஞ்சம் வழுக்கும். எங்கள் குளியலறைக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் சொரசொரப்பான கோட்டா கல் போட்டோம். மாமியார் பயமில்லாமல் நடக்கிறார். கூடத்தில் ஆத்தங்குடி போட்டால் பதித்த புதிதில் மங்கலாகத்தான் இருக்கும். தினமும் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும், தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் எப்போதாவது துடைத்தால் போதும். கறை பட்டால் உடனே துடையுங்கள், ஆசிட் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், மேல்நிறம் அரித்துக்கொண்டு போய்விடும்.