துடியிரைச்சல், இடியிரைச்சல்: இணையக் கம்பியில் புகும் மின்னிரைச்சலுக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இணையக் கம்பிக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் மின்னிரைச்சலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன கிழமை இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். ஒரு சொல்லுக்கு இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். தனித்தனியாகப் பதில் போட்டால் பேச்சு சிதறிவிடும். ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே போகும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி. எங்கள் கட்டடத்துக்கு இணையம் இன்னும் தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகத்தான் வருகிறது. இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் மாலை ஆறேகாலுக்கு லைன் அறுந்துவிடும். மொடெம் திரும்ப எழும்பும், பத்து நிமிடத்தில் மறுபடி விழும். இரவு ஒன்பது தாண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மகளுக்கு அந்த நேரம்தான் இணைய வகுப்பு.

மொடெத்தின் பக்கத்தைத் திறந்தால், சைகை (சிக்னல்) இரைச்சலுக்கு மேலே, இணைப்பு நிலைக்கத் தேவையானதைவிட இன்னும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை டெசிபெலில் காட்டும் ஓர் எண் இருக்கும். பகலில் ஒன்பதில் நிற்கும் அந்த எண் ஆறேகாலுக்கு இரண்டுக்கு இறங்கியது. ஒரு கொப்பியில் நாள், நேரம், எண் என்று எழுதிவந்தேன். பத்து நாளில் ஒன்று தெளிவானது: மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் நேரம் மாறவில்லை. உப்புக் காற்றில் கறள் பிடித்த மூட்டுத்தான் காரணம் என்று நினைத்திருந்தேன், ஆனால் மூட்டு மணிக்கூடு பார்த்துக் கெடாது. யாரோ எதையோ அந்த நேரத்தில் போடுகிறார்கள்.

அதைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. செப்புக் கம்பி இணையத்தில் பரவலாக உள்ள ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறை ஏறத்தாழ 2.2 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களைப் பயன்படுத்துகிறது (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அதிர்வெண்). வானொலியின் மத்திய அலை, அதாவது ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதி, அதற்குள் முழுதாக அடங்கிவிடும். ஆக, கம்பியைக் கெடுக்கும் இரைச்சலைப் பெரும்பாலும் ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவிலேயே கேட்டுவிடலாம். அப்பாவின் ரேடியோவை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக் காத்திருந்தேன். ஆறேகாலுக்கு 'ர்ர்ர்ர்' என்று ஒரே சீராக ஓர் இரைச்சல் எழுந்தது. வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்திப் பார்த்தேன். பற்றரியில் ஓடிய ரேடியோ தொடர்ந்து இரைந்தது. எங்கள் வீட்டுக்குள் இல்லை.

ரேடியோவுடன் படியிறங்கினேன். அதற்குள் அன்ரெனாவாக இருக்கும் ஃபெரைட் கோலின் முனை இரைச்சலின் மூலத்தை நோக்கும்போது சத்தம் குறையும், திசையை அப்படித்தான் பிடிக்க வேண்டும். கட்டடத்துக்குள் இது அவ்வளவு இலகு இல்லை. மின்சாரக் கம்பிகளும் இரைச்சலைச் சுமந்துகொண்டு போவதால் படிக்கட்டுச் சுவரில் எங்கே வைத்தாலும் கத்தியது. கடைசியில் திசையை விட்டுவிட்டு எங்கே உரத்துக் கேட்கிறது என்று மட்டும் பார்த்தேன். முதலாம் மாடியில் ஓர் அன்ரியின் கதவு.

கதவைத் திறந்தவர் விளக்கு வைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். சாமிப் படங்களைச் சுற்றி ஒரு எல்ஈடி சரவிளக்கு, அதற்கு உள்ளங்கையளவு அடப்டர் ஒன்று. ரேடியோவைப் பக்கத்தில் பிடித்தேன், அன்ரியே சுவிச்சைத் தட்டினார். இரைச்சல் நின்றது. போட்டார், வந்தது. மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தச் சின்ன லைற்றோ தம்பி மூண்டாம் மாடி இன்ரநெற்றைக் குழப்புது?"

சாமி விளக்கை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் அதே வோல்ற்றளவு அடப்டர்களை ஒவ்வொன்றாகச் செருகி, ரேடியோவை அருகில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் இரைந்தன, நாலாவது அமைதியாக இருந்தது. அதை வாங்கிக் கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருந்ததைச் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கம்பி ஏன் முறுக்கிய சோடியாக வருகிறது? வெளி இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாக விழும், மொடெம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை எடுத்த உத்தி. நான் வரவேற்பறையிலிருந்து அறை வரை முறுக்கில்லாத தட்டைக் கம்பியை இழுத்திருந்தேன். அந்தப் பத்து மீற்றர் போதும், ஒரு நல்ல அன்ரெனா. அதையும் மாற்றினேன். இப்போது ஆறேகாலுக்கும் எண் ஒன்பதிலேயே நிற்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். அன்ரிக்கு இதை விளக்கும்போது என் வாயில் ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. அதுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

> பாடநூலில் 'தலையீடு' என்று இருக்கிறது. புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

மொறட்டுவையில் படிப்பிக்கும் அண்ணாவின் கேள்வி. அண்ணா, நீங்கள் சொல்லும் தலையீடு இரண்டு அலைகள் மேற்பொருந்தி ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் ஒழுங்கான கோலம் காட்டுவது. தமிழ்நாட்டில் அதைக் குறுக்கீடு என்பார்கள். இங்கே நடப்பது அது இல்லை, வேண்டாத ஒன்று உள்ளே புகுந்து வேண்டியதைக் கெடுக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை (interference) வைத்திருக்கிறது என்பதற்காகத் தமிழும் அந்த மயக்கத்தைச் சுமக்கத் தேவையில்லை. உயர்தர மாணவர் ஒருவர் 'தலையீடு' என்று கண்டால் ஒளிக்கீற்றுகளைத்தான் நினைப்பார். பொதுப்பெயராக 'மின்னிடையூறு' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

நான் முதலில் தந்த 'மின்னூறு' என்பதை மீளப் பெறுகிறேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஊறு என்றால் தீங்கு, ஐம்புலன்களை எண்ணும்போது ஊறு என்றால் தொடுகை. தொடாமலே தொட்டுக் கெடுக்கும் ஒன்றுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். ஆனால் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து 'மின்னூறு' ஆனதும் தொலைபேசியில் அது 'முன்னூறு' என்று கேட்கிறது. மட்டக்களப்பு ஆசிரியர் தன் வீட்டில் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாராம், மூவரும் 'என்ன முன்னூறு?' என்றார்களாம். முறைப்பாடு சொல்லப் பயன்படவேண்டிய சொல் தொலைபேசியில் பிழையாகக் கேட்டால் அது உதவாது. நன்றி ஐயா.

> எங்களுக்கு 'கரகரப்பு' போதாதா? இலங்கை வானொலியைக் கேட்ட காலத்திலிருந்து அதுதான் சொல்.

திருச்சி அக்கா, உங்கள் மடலை வாசித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. இங்கிருந்து போன மத்திய அலையை அங்கே நீங்கள் கரகரப்போடு கேட்டதும், இன்று அதே மத்திய அலையில் நான் கரகரப்பைத் தேடியதும் ஒரே கதையின் இரண்டு முனை. பேச்சில் அந்தச் சொல்லை யாரும் விடப்போவதில்லை. ஆனால் கரகரப்பு காதில் விழும் விளைவு. கறள் பிடித்த மூட்டும் கரகரக்கும், அடப்டரும் கரகரக்கும், தூரத்து மின்னலும் கரகரக்கும். திருத்தப் போகிறவருக்கு எது என்று தெரியவேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒரு பொதுப்பெயர் மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. இரைச்சல் இரண்டு விதமாக வருகிறது. அன்ரி வீட்டு அடப்டர் ஒரு வகை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சங்கள். வடிகட்டி இல்லாத மலிவு அடப்டர் அந்த உச்சங்களில் இரைச்சலைத் துப்பும். ஆக ஒரு செக்கனுக்கு 100 தரம், பத்து மில்லிசெக்கனுக்கு ஒன்று. மின்விசிறியின் மின்னணு ரெகுலேற்றர், டிமர், பழுதான தெருவிளக்கு எல்லாம் இந்த இனம். மற்றையது எப்போதாவது ஒரு தரம் பெரிதாக வந்து அடித்துவிட்டுப் போவது. வேல்ஸில் அபர்ஹோசன் என்ற ஊரில் 18 மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் இணையம் விழுந்தது. 2020இல்தான் கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சி, போட்டவுடன் ஒரு பெரிய மின்னதிர்வை வெளியே தள்ளியிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து வேறு. விட்டுவிட்டு ஒழுங்காக வருவதைப் பெரும்பாலும் மொடெமே சமாளிக்கும். தரவைக் கலைத்து அடுக்கி அனுப்புவதால் ஒரு துளி கெட்டாலும் மிச்சத்தை வைத்துத் திருத்திக்கொள்ளும். எண் எங்கள் வீட்டில்போல மிகவும் இறங்கினால்தான் அறும். நீண்ட பெரிய அடி விழுந்தால் திருத்துவதற்கு மிச்சமே இராது. ஆகவே இரண்டு பெயர் வேண்டும்.

முதலாவதற்கு நான் தருவது 'துடியிரைச்சல்'. இது வினைத்தொகை: துடித்த, துடிக்கின்ற, துடிக்கும் இரைச்சல். ஓயாமல் வரும் ஒன்றுக்கு முக்காலமும் அடங்கிய தொகை இயல்பாகப் பொருந்துகிறது.

> காதுக்கு அது ரீங்காரமாகத்தானே கேட்கிறது? துடிப்பு எங்கே?

நியாயமான தடை. நானும் 'ர்ர்ர்' என்றுதான் எழுதினேன். ஆனால் மொடெமின் கண்ணால் பாருங்கள். அது செக்கனுக்கு ஏறத்தாழ 4000 தரவுக் குறியீடுகளை வாங்குகிறது, பத்து மில்லிசெக்கனில் 40. அந்த நாற்பதில் ஒன்றிரண்டைத்தான் இரைச்சல் கெடுக்கிறது, மிச்சம் சுத்தமாக வருகிறது. பிறகு மறுபடி ஒன்றிரண்டு. நமக்கு ரீங்காரமாக இருப்பது அதற்கு எண்ணிப் பார்க்கக்கூடிய தனித்தனித் துடிப்பு. சொல் கெடுகிற பொருளின் பக்கம் நிற்கட்டும்.

இரண்டாவதற்கு 'வெடியிரைச்சல்' என்று எழுதியிருந்தேன், துடியோடு எதுகை சேர்வதால். கொட்டாஞ்சேனை நண்பர் தனிமடலில் ஒன்று சொன்னார். கொழும்பில் இருந்துகொண்டு தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'எங்கள் வீட்டில் வெடி' என்று தமிழில் சொல்ல இன்னும் மனம் கூசுகிறது என்று. அதை வாசித்து வெகுநேரம் யோசித்தேன். அவர் சொல்வது முழுக்கச் சரி. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு, கலைச்சொல் மனிதரின் வாயில் நோகக்கூடாது. ஆகவே 'இடியிரைச்சல்'. எதுகையும் போகவில்லை, பொருளும் கூர்மையாகிறது. தனியாக வந்து பெரிதாக அடிப்பது இடி, கம்பியில் இப்படி அடிப்பவற்றில் மின்னல் உண்மையாகவே ஒன்று.

> ஃபைபர் வந்துவிட்டது. சாகப்போகும் கம்பிக்கு ஏன் சொல்?

ஃபைபரில் போவது ஒளி, அதை அன்ரியின் அடப்டர் தொடாது, உண்மை. ஆனால் அடப்டர் சாகப்போவதில்லை. மத்திய அலை கேட்பவருக்கும், அமெச்சூர் வானொலிக்காரருக்கும், கூரையில் சூரியத்தகடு பூட்டி இன்வேர்ட்டர் வைத்த வீட்டுக்கும் இதே இரைச்சல்தான் தலையிடி. வெசாக் மாதத்தில் ஒரு ட்ரான்சிஸ்டருடன் கொழும்பு வீதியில் நடந்து பாருங்கள்.

கடைசியாக வரைவிலக்கணம். நான் எழுதியது: 'துடியிரைச்சல் – ஆடலோட்டத்தின் தாளத்தில் செக்கனுக்கு 100 தரம் கம்பியில் புகும் மின்னிடையூறு.' மாறுதிசை மின்னோட்டத்தை நாங்கள் ஆடலோட்டம் என்கிறோம். துடி ஒரு பறையும் அல்லவா, ஆடலுக்குத் துடி சேர்ந்துவிட்டதை எழுதிய பிறகுதான் கவனித்தேன். ஆனால் ரொறன்ரோ தம்பி சுட்டியபடி அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், துடிப்பு 120. ஆகவே எண்ணை எடுத்துவிட்டு 'ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தரம்' என்று மாற்றுகிறேன். சுற்று ஒன்றுக்கு ஒரு தரம் மட்டும் இரையும் கருவிகளும் உண்டு, அவற்றையும் இந்த வரிக்குள் எப்படி அடக்குவது என்று மொறட்டுவை அண்ணா சொன்னால் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து