சர்வர் வேலைக்குப் புதியவர்கள்: முதலில் விம்மா, நானோவா?

கருந்திரை:
வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே விம் எடிட்டரை (கோப்புகளைத் திருத்தும் நிரல்) திணிப்பதை நிறுத்த வேண்டும். திறந்ததும் விம் தட்டுவதைக் கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு போர்ட் எண்ணை மாற்றக் கோப்பைத் திறந்தவர், தட்டிய எழுத்து ஏன் திரையில் விழவில்லை என்று முழிக்கிறார். நானோ என்ற எளிய எடிட்டரில் அந்தப் பிரச்சினையே இல்லை. திறந்ததும் தட்டலாம். சேமிக்க, வெளியேற என்ன அழுத்த வேண்டும் என்பது கீழேயே இருக்கும். ஃபெடோரா லினக்ஸ்கூட 2020-ல் 33-ஆம் பதிப்பிலிருந்து நானோவை டிஃபால்ட் ஆக்கிவிட்டது.

வேப்பமரம்:
அண்ணே, கீழே இருப்பது தொப்பிக்குறியும் ஓர் எழுத்தும்தான். அது கண்ட்ரோல் விசை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதைவிட முக்கியம், நானோ இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்குள் (சர்வரில் தனியாக அடைத்து ஓடும் சூழல்) போனால் பிசிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்போடு வரும் விஐ, அதாவது விம்முக்கு முன்னோடியான எடிட்டர் மட்டும்தான் இருக்கும். நெட்வொர்க் படுத்த நேரத்தில் நானோவை எங்கிருந்து இன்ஸ்டால் செய்வது?

கருந்திரை:
அந்த அவசரத்துக்கு எழுதத் தொடங்க ஐ, நிறுத்த எஸ்கேப், சேமித்து வெளியேற கோலன் டபிள்யூ கியூ, சேமிக்காமல் வெளியேற கோலன் கியூ ஆச்சரியக்குறி போதும். ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடலாம். விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வந்த கேள்வி 2017-லேயே பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் மாட்டிக்கொண்டால் அது கற்பவர் குறையா?

வேப்பமரம்:
கற்பவர் குறை இல்லை, சொல்லிக்கொடுக்கும் முறையின் குறை. 1976-ல் பில் ஜாய் விஐ எழுதப் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகள் மேலேயே அச்சிட்டிருக்கும். அதனால்தான் கர்சரை நகர்த்த அந்த விசைகள். இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. இதைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம், கட்டளைகள் மனப்பாடம் இல்லை. டி என்றால் அழி, டபிள்யூ என்றால் சொல். சேர்த்துத் தட்டினால் ஒரு சொல் போகும். டி-க்குப் பதில் சி போட்டால் சொல் போய், அதே இடத்தில் புதிதாகத் தட்டலாம். அடுத்த இடத்துக்குப் போய் ஒரு புள்ளி வைத்தால் அதே மாற்றம் அங்கேயும் நடக்கும். நீளமான கட்டமைப்புக் கோப்பில் இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் விடமாட்டார்.

தட்டச்சுப்பிரியை:
தமிழில் கோப்பு எழுதுகிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்திவிட்டு, வரியை அழிக்க டி டி தட்டினால் விம்முக்குப் போவது தமிழ் எழுத்து. வரி அழியாது. ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கிறது.

வேப்பமரம்:
உண்மைதான், எரிச்சலான விஷயம். விம்முக்குள்ளேயே கீமேப் வசதி (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) உண்டு. அதை அமைத்தால் எழுதும்போது மட்டும் தமிழ் வரும், எஸ்கேப் அழுத்தியதும் கட்டளைகள் வழக்கம்போல் ஓடும்.

கருந்திரை:
பாருங்கள், ஒரு வரி தமிழ் எழுத இன்னொரு அமைப்பு தேவைப்படுகிறது. விம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரம் நானோவில் வேலையை முடிக்கட்டும். கோப்பு எங்கே இருக்கிறது, யாருக்கு எழுதும் அனுமதி, மாற்றியபின் எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது என்பதெல்லாம் பிடிபட்டதும் விம்மோடு வரும் பயிற்சியான விம்டியூட்டரைத் திறந்து கொடுங்கள். அரை மணி நேரப் பாடம்தான்.

வேப்பமரம்:
அந்த அரை மணி நேரத்தை முதல் நாளிலேயே கொடுங்கள் என்கிறேன். முதல் வாரத்திலேயே ஒரு கன்டெய்னருக்குள் தனியாகப் போகத்தான் போகிறார்.