வடசென்னைக்காரர்களே, ஏரியா தலைவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

தண்டையார்பேட்டைக்காரன்:

2017 ஏப்ரல் 12-இல் நடக்க வேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா புகாரால் ஆணையம் ரத்து செய்தது ஞாபகம் இருக்கும். டிசம்பர் 21-இல்தான் மறுபடி நடத்தினார்கள். நான் சொல்லப்போவது அதற்கு அப்புறம் வந்த வேறொரு தேர்தல்.

தெருவுக்கு வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸ். வீட்டுக்கு வீடு பென்சில் டிக். கவரைக் கொடுத்த கையோடு, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். போகும்போது, “பூத்ல கேமரா இருக்கு, யாருக்குப் போட்டீங்கன்னு தெரிஞ்சிடும்” என்று ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு அக்கா அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

பணத்தைவிட இந்தப் பயம்தான் பெரிய வியாபாரம். நாங்கள் சில பேர் சாயந்திரம் குழாயடியில் உட்கார்ந்து விளக்கினோம். கேமரா ஓட்டுப் போடும் மறைப்புக்குள் பார்க்காது. ஓட்டுப் போட்டதும் மெஷினில் வரும் சீட்டு 7 நொடி கண்ணாடியில் தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும், அதில் நம் பேர் இருக்காது. யாருக்குப் போட்டாய் என்று கோர்ட்டில்கூட யாரையும் சொல்ல வைக்க முடியாது. எல்லாம் கேட்டும் அக்காவுக்குச் சத்தியம்தான் உறுத்தியது. அதற்கு எங்கள் ஆயாதான் பதில் சொன்னார்: “மிரட்டி வாங்கின சத்தியம் அம்மன்கிட்டயே செல்லாதுடி.”

அக்கா யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லுங்கள். கட்சிப் பேர், ஆள் பேர் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அக்கா:

எங்கள் தெருவுக்கு சின்டெக்ஸ் டேங்க்தான். லாரி வரும் நாளில் அதற்கு முன்னால் பைக்கில் ஒருத்தர் வருவார். “அண்ணன் சொல்லி அனுப்பின தண்ணி” என்பார். அண்ணன் கூட்டம் போட்டால் வீட்டுக்கு ஒருத்தர் போக வேண்டும். போகாத வீட்டுக்குக் கடைசிக் குடம். ரொம்ப வருஷம் இப்படியே ஓடியது.

என் மருமகள்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டாள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரே கேள்வி: இந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை நடை, யார் உத்தரவில்? 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. லாரி எங்கள் தெருவுக்கு அட்டவணைப்படி ஒதுக்கியது. அண்ணன் பேர் எங்கேயும் இல்லை.

ஜெராக்ஸ் எடுத்து டேங்க் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் கிழிந்து கிடந்தது. மறுபடி ஒட்டினோம். ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய், கிழிக்கிறவனுக்குத்தான் வேலை. இப்போது பைக் வருவதில்லை. லாரி வருகிறது, நேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மில்காரர் பேரன்:

அக்கா, நல்ல வேலை. ஆனால் தனி ஆளாக மனு போடுவது எல்லா இடத்திலும் சரிப்படாது. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்தவர் போட்டார். பதில் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. அப்புறம் அதே கேள்வியைத் தெருவில் ஆளாளுக்கு அனுப்பினோம். எந்த வீட்டைப் போய் மிரட்டுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கம் இது பழைய பாடம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் தொடங்கியபோது பின்னி மில் ஆட்கள் ஒன்றாக நின்றார்கள். மூன்றே வருஷம், 1921 வேலைநிறுத்தம் சாதிப் பிளவாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தமும் தோற்றது. இன்றைக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர் தெருமுனையில் மெதுவாக விசாரிப்பது அதையேதான்: இந்த வரிசை யாரு, அந்த வரிசை யாரு?

எண்ணூர் வலைக்காரன்:

ஓட்டை விடுங்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவோம். பெரிய திட்டம் வந்தால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும். நான் போன ஒரு கூட்டத்தில் காலையிலேயே முன்வரிசை நிரம்பியிருந்தது. எல்லாம் பஸ்ஸில் இறக்கிய ஆட்கள், எங்கள் ஊர் முகம் ஒன்றுகூட இல்லை. மைக் அவர்களுக்குள்ளேயே சுற்றியது. வேலை வரும், வளம் வரும், வாழ்க. பிரியாணிப் பொட்டலம் தீர்ந்ததும் பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

எங்கள் பெண்கள் மட்டும் அசையவில்லை. வெயில் இறங்கிய பிறகுதான் மைக் அவர்கள் கைக்கு வந்தது. 2017 ஜனவரியில் கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியது, 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்து வலை கருத்தது, அதே மாதம் அமோனியா நெடியில் பெரியகுப்பத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஓடியது, எல்லாவற்றையும் சொன்னார்கள்.

அதிகாரிகள் ஃபைலை மூடும்போது ஒரு பெண் எழுந்து, “எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க சார்” என்றாள். விதி அதுதான். கூட்டம் முடியும்போது பதிவானதை மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், ஒப்புக்கொண்ட குறிப்பில்தான் கலெக்டர் கையெழுத்து. படித்தார்கள். வாழ்க பாடியவர்கள் பேச்சு பக்கம் பக்கமாக, எங்கள் பேச்சு இரண்டு வரி. திருத்தும்வரை நின்றோம். முழுசாகத் திருத்தவில்லை, ஆனால் எண்ணெயும் அமோனியாவும் குறிப்பில் ஏறின.

யாராவது இப்படிக் கூட்டத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கடைசிவரை உட்கார வேண்டியிருக்கும்.

ராயபுரம் வாசகி:

பூத்துக்குப் போனால், உங்கள் பேரில் யாரோ ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா? திரும்பி வந்துவிடாதீர்கள். என் மாமியாரை “போட்டாச்சு, போங்கம்மா” என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டு கொடுங்கள் என்று கேட்டோம். அதிகாரி முதலில் முழித்தார், அப்புறம் கையேட்டைப் புரட்டிப் பார்த்துக் கொடுத்தார். அந்த ஓட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால்தான் பிரிப்பார்கள். அதற்கு எதற்கு இந்தப் பாடு என்றால், கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசாங்க உறையிலேயே இருக்கும் சாட்சி அது.

பூத்தில் வேட்பாளர் ஏஜென்டாக உட்காரும் பையன்களுக்கும் ஒன்று. வந்திருப்பவர் மேல் சந்தேகமா? 2 ரூபாய் கட்டி ஆட்சேபணை செய்யலாம், அதிகாரி விசாரித்தே ஆக வேண்டும். சில்லறையோடு போங்கள்.