கடைசி செமஸ்டர்: மேற்படிப்பா, கிடைச்ச வேலையா?

கடைசிபெஞ்ச்:
இளங்கலை இயற்பியல், முடிய இன்னும் நாலு மாசம். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க மூணு வாரம்தான் இருக்கு. ஒரு காப்பீட்டு நிறுவனத்துல டேட்டா வேலைக்கு ஆஃபரும் கையில இருக்கு. ரெண்டு மேலயும் ஆசை இல்ல, ரெண்டையும் விட்டுடவும் பயம். வகுப்புல எல்லாரும் முடிவு பண்ணிட்ட மாதிரியே பேசறாங்க. என்ன பண்ணலாம்?

திண்ணைத்தூங்கி:
வேலைக்குப் போங்க தம்பி. "ஒண்ணும் புரியல, அதனால மேல படிக்கிறேன்"னு நானும் போனவன்தான். ரெண்டு வருஷம் கழிச்சு அதே கேள்வி அதே இடத்துல நின்னுச்சு, கூடவே கல்விக்கடன். படிப்பை ஒதுங்கற இடமா வச்சுக்காதீங்க.

மழைக்கணக்கு:
அண்ணா, உங்க கதையை எல்லாருக்கும் சட்டமாக்காதீங்க. முதல் வேலை லேசுல விடாது. கனடாவுல பொருளாதார மந்தநிலை நேரத்துல படிப்பு முடிச்சவங்களைப் பத்தி 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆரம்பத்துல அவங்க சம்பாத்தியம் சுமார் 9 சதவீதம் குறைவு. அந்த இடைவெளி மறைய 10 வருஷம் ஆச்சு.

திண்ணைத்தூங்கி:
அதே ஆய்வுல மிச்சத்தையும் சொல்லுங்கம்மா. 5 வருஷத்துல அந்த இழப்பு பாதியாயிடுது. எப்படி? நல்ல நிறுவனமாப் பார்த்து மாறி மாறித்தான். மாறணும்னா முதல்ல எங்கயாவது உள்ள இருக்கணும்ல? அதுவும் அது மந்தநிலையோட பாதிப்பு, தப்பான வேலையைத் தேர்ந்தெடுத்ததோட பாதிப்பு இல்ல.

மழைக்கணக்கு:
கடைசியா சொன்னது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் மாறிடலையே. பின்தங்கின நிலையில வந்தவங்க குறைஞ்ச சம்பள நிறுவனத்துலயே மாட்டிக்கிட்டதையும் அதே ஆய்வு சொல்லுது. அப்புறம் இது இயற்பியல். ரெண்டு வருஷம் தொடாம விட்டுட்டு குவாண்டம் புத்தகத்தைத் திறந்து பாருங்க, நீங்களே பென்சில்ல எழுதின குறிப்பு உங்களுக்கே புரியாது. திரும்பி வர்ற வழி திறந்துதான் இருக்கும், நடக்கத்தான் கால் வராது.

அரைகுறைஜோசியர்:
எந்த மாதிரி வேலை நமக்குப் பொருந்தும்னு சொல்ற ஹாலண்ட் டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்? ஆறு வகையில நீங்க எதுன்னு சொல்லிடும்.

கடைசிபெஞ்ச்:
எடுத்தேன். "ஆராயும் குணம்"னு வந்துச்சு. இயற்பியல் படிக்கறவன்கிட்ட வேற என்ன சொல்லும்?

நூல்கண்டு:
ரெண்டு பேரும் சண்டை போடறீங்க, தம்பி எதைக் கண்ணால பார்த்திருக்கார்னு யாரும் கேக்கல. 1908ல பாஸ்டன்ல தொழில் வழிகாட்டி மையம் ஆரம்பிச்ச ஃபிராங்க் பார்சன்ஸ் சொன்னது மூணே விஷயம்: உன்னைத் தெரிஞ்சுக்கோ, வேலையைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் ரெண்டையும் பொருத்திப் பாரு. நம்ம பசங்க முதல் படியிலயே உக்காந்து தன்னைத் தானே தோண்டிக்கிட்டிருப்பாங்க. ரெண்டாவது படியில ஒருத்தரும் கால் வைக்கறதில்ல.

எனக்கும் டேட்டா வேலைன்னா கனவா இருந்துச்சு. தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல ஒரு நாள் உக்காந்து பார்த்தேன். அட்டவணையில ஒரே நெடுவரிசையில தேதி மூணு விதமா இருக்கு: சிலதுல மாசம் முதல்ல, சிலதுல நாள் முதல்ல, சிலது வெறும் எண். அதைச் சரி பண்ணவே சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு. மனுஷர் விசிலடிச்சுக்கிட்டே செஞ்சார்! எனக்குத் தலைவலி. அந்த ஒரு நாள்ல தெரிஞ்சது எந்த டெஸ்ட்லயும் தெரியல.

திண்ணைத்தூங்கி:
ஆள் தெரிஞ்சவங்களுக்கு இது சரி. யாரையுமே தெரியாதவன் யார் பக்கத்துல போய் உக்காருவான்?

நூல்கண்டு:
நெருக்கமாத் தெரிஞ்சிருக்க வேண்டாம்னுதான் சொல்றேன். கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973ல எழுதின கட்டுரையில, அறிமுகம் மூலமா வேலை பிடிச்சவங்களைப் பத்திச் சொல்றார். தனக்கு உதவின ஆளை வாரம் ரெண்டு தடவையாவது பார்த்துக்கிட்டிருந்தவங்க 17 சதவீதம்கூட இல்ல. மத்தவங்களுக்கு உதவினது எப்பவாவது பார்க்கற ஆளுங்கதான். ரெண்டு பேட்ச் முன்னாடி படிச்ச ஒரு சீனியர் போதும். வேலை கேக்காதீங்க, "நேத்து முழுக்க என்ன செஞ்சீங்க?"ன்னு மட்டும் கேளுங்க.

திண்ணைத்தூங்கி:
மூணு வாரத்துல இதெல்லாம் ஆகற காரியமா? நாள் ஓடிக்கிட்டிருக்கு.

கடைசிபெஞ்ச்:
அதே நிறுவனத்துல இருக்கற ஒரு சீனியர் அக்காகிட்ட நேத்து இருபது நிமிஷம் பேசினேன். அவங்க ஒரு வாரமா செய்யறது பழைய இழப்பீட்டுக் கோப்புல விடுபட்ட கட்டங்களைத் தேடறது. சலிப்புதான்னாங்க. ஆனா ஏன் விடுபட்டுச்சுன்னு ஒரு காரணம் கண்டுபிடிச்சதைச் சொன்னப்ப குரலே மாறிடுச்சு. எனக்கும் அது பிடிச்சுது. எம்.எஸ்சி.க்கும் விண்ணப்பிக்கறேன். இடம் கிடைச்சா சேர்றதை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமான்னு துறைக்கு மெயில் போட்டிருக்கேன்.

மழைக்கணக்கு:
நல்லது. ஆஃபர் கடிதத்துல குறைஞ்சது இத்தனை வருஷம் இருக்கணும்னு ஏதாவது இருக்கா பாருங்க.

கடைசிபெஞ்ச்:
இப்பத்தான் பார்த்தேன். 2 வருஷம். ஏழாவது பக்கத்துல, பொடி எழுத்துல.

திண்ணைத்தூங்கி:
இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி!