நிஜம் மாதிரி இருக்கும் பொம்மைத் துப்பாக்கி: விற்கத் தடை வேண்டுமா?

சைதாப்பேட்டை வாசுகி
போன ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினேன். எழும்பூர் தாண்டியதும், பத்தாவது படிக்கிற வயதுப் பையன் ஒருவன் பையிலிருந்து கறுப்புக் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து, எதிரே இருந்த நண்பனின் நெற்றிக்கு நேராக நீட்டினான். கதவோரம் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா அலறி எழுந்ததில் கூடை சரிந்து, கட்டி வைத்திருந்த மல்லிச்சரம் முழுக்க மிதிபட்டது. ஒருவர் சங்கிலியை இழுக்கக் கையைத் தூக்கிவிட்டார். "பொம்மைதான் ஆன்ட்டி" என்று பையன் நடுங்கிக்கொண்டே என்னிடம் கொடுத்தான்.

கையில் வாங்கிப் பார்த்தேன். உலோகப் பூச்சு, பக்கவாட்டில் வெளிநாட்டுக் கம்பெனி பெயர், பின்னால் இழுத்து விடும் மேல்தட்டு. கைப்பிடிக்கு அடியில் அச்சுக் கோடும் ஒரு சின்ன ஸ்க்ரூவும் தெரிந்ததால்தான் பிளாஸ்டிக் என்று புரிந்தது. ஐந்தடி தள்ளி நின்றவருக்கு அந்த ஸ்க்ரூ எங்கே தெரியும்?

பிரிட்டனில் 2007 அக்டோபரிலிருந்து நிஜம் போலத் தெரியும் நகல் துப்பாக்கியைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா மாதிரி நிறத்தில் இருந்தால் விற்கலாம். ஜப்பானில் 1971-லிருந்து உலோக மாதிரிக் கைத்துப்பாக்கி வெள்ளையிலோ மஞ்சளிலோ இருக்க வேண்டும், குழல் வாயும் அடைபட்டிருக்க வேண்டும். இங்கேயும் இப்படி ஒரு நிற விதி வேண்டும் என்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

பூக்கடை பொம்மைக்காரர்
அக்கா, பாரிமுனைப் பக்கம் 22 வருஷமாகப் பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். சட்டம் என்றதும் எனக்கு 2021 ஜனவரிதான் ஞாபகம் வருகிறது. அந்த மாதம்தான் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால் முத்திரை இல்லாத பழைய சரக்கு என் பரணில் இரண்டு வருஷம் கிடந்து வீணானது. மொத்த வியாபாரி திரும்ப எடுக்கவில்லை. அதே சரக்கு செல்போன் ஆப்பில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. எந்த விதி போட்டாலும் முதல் அடி தெருவோரக் கடைக்குத்தான்.

தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்காத வீடு உண்டா? அதுவும் கறுப்பும் வெள்ளியும்தான். அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் யார் எந்த வங்கியைக் கொள்ளையடித்தார்கள்?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
தம்பி, வங்கி வேண்டாம். இரவு பதினொன்றரைக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனச் சோதனையில் நின்றவன் நான். ஒரு பைக்கை நிறுத்தினோம். பின்னால் இருந்தவன் சட்டை காற்றில் தூக்க, இடுப்பில் கைத்துப்பாக்கி. என் உடம்பு சில்லிட்டது இன்னும் நினைவிருக்கிறது. என்னோடு இருந்த காவலர் கையில் லத்தி மட்டும். அவர் லத்தியை ஓங்கிவிட்டார். நான் தோளைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் அது சிகரெட் லைட்டர். விசையை அழுத்தினால் முனையில் சுடர் வரும், அவ்வளவுதான். அந்த அடி தலையில் விழுந்திருந்தால் அந்தப் பையன் கதி என்ன? அந்தக் காவலர் கதிதான் என்ன?

வழிப்பறிக்காரனுக்கும் அதுவேதான் வசதி. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் பெண் குழலுக்குள் குண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. வாசுகி அம்மா சொல்வதை முழுசாக ஆதரிக்கிறேன். பொது இடத்தில் கொண்டுபோவதையும் குற்றமாக்க வேண்டும்.

பாரிமுனை வக்கீல்
எஸ்.ஐ. ஐயா கடைசியாகச் சொன்னதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பொம்மையைக் காட்டிப் பறித்தாலும் அது வழிப்பறிதான். பாரதிய நியாய சன்ஹிதா 309-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. காட்டி மிரட்டினால் 351. "கொடிய ஆயுதம்" என்றால் 311-இல் குறைந்தது ஏழு ஆண்டு. பொம்மை கொடிய ஆயுதமா என்று வாதாட இடம் உண்டு என்பது உண்மை, ஆனால் அதனால் குற்றவாளி வெளியே போய்விடுவதில்லை. நகலைச் சுடும் துப்பாக்கியாக மாற்றினால் 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் செய்கிறவனுக்குச் சட்டம் ஏற்கெனவே போதும்.

புதிதாக "கையில் வைத்திருந்தாலே குற்றம்" என்று எழுதினால் யார் மாட்டுவார்கள்? அடையாறில் காரில் போகிற பிள்ளையின் பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வியாசர்பாடியிலிருந்து பைக்கில் வருகிற பையனைத்தான் நிறுத்துவார்கள். பதினெட்டு வயதில் ஒரு வழக்கு விழுந்தால், பிறகு அவன் வேலைக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் அது கூடவே வரும். அப்படி மாட்டிய பையன்களின் அம்மாக்களோடு நான் எத்தனை நாள் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா?

சைதாப்பேட்டை வாசுகி
வக்கீல் மேடம், உங்கள் பயம் நியாயம். நான் கேட்பது வேறு. பிரிட்டனிலேயே இவை இரண்டு தனித்தனிச் சட்டங்கள். தகுந்த காரணமில்லாமல் நகல் துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்று 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். செய்வதையும் விற்பதையும் தடுத்தது 2006-இல் வந்த வேறொரு சட்டம். எனக்கு இரண்டாவது மட்டும் போதும். அந்த ரயில் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அப்படி ஒரு பொருளை அவன் கையில் விற்றார்களே, அதுதான் கோபம்.

கோடம்பாக்கம் உதவி இயக்குநர்
எங்களையும் கொஞ்சம் நினையுங்கள். குறும்படத்துக்காக டம்மி துப்பாக்கியை நாள் வாடகைக்கு எடுத்து, காலை ஐந்தரைக்குக் காசிமேட்டில் ஒரு காட்சி எடுத்தோம். யாரோ 100-க்கு அழைத்துவிட்டார்கள். மதியம் வரை ஐந்து பேரும் ஸ்டேஷனில். முன்கூட்டியே தகவல் சொல்லாதது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டன் சட்டத்தில் சினிமா, நாடகம், அருங்காட்சியகத்துக்கு விலக்கு உண்டு. இங்கே அந்த விலக்கு பெரிய கம்பெனிக்குக் கிடைக்கும். செல்போனில் படம் எடுக்கிற நாங்கள் யாரிடம் போய் எந்தச் சான்றிதழ் வாங்குவது? பச்சைத் துப்பாக்கியோடு ரவுடி வந்தால் பார்க்கிறவர் சிரிப்பாரே.

வேளச்சேரி, முன்பு ஓஹையோ
அமெரிக்காவில் 1988-இல் சட்டம் போட்டு, பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறத்தைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அந்த முனை கழன்றுவிடும், அல்லது பிள்ளைகளே கழற்றிவிடுவார்கள். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவில் 12 வயதுச் சிறுவன் வைத்திருந்த, பிளாஸ்டிக் உருண்டை சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். நான் அப்போது அந்த மாநிலத்தில்தான் இருந்தேன். என் மகனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அன்று இரவே வீட்டிலிருந்த இரண்டு பொம்மைத் துப்பாக்கியையும் உடைத்துக் குப்பையில் போட்டேன். அதனால், விதி வந்தால் முனைக்கு மட்டும் நிறம் என்று வைக்காதீர்கள். உடம்பு முழுக்க நிறம் வேண்டும்.

பாரிமுனை வக்கீல்
அந்தக் குழந்தையைக் கொன்றது பொம்மையின் நிறமா, சார்? இரண்டு நொடியில் சுட்ட கைதானே? பொம்மைக்கு விதி எழுதிவிட்டு, அந்தக் கைக்கு எழுத வேண்டிய விதியை மறந்துவிடுவோம். என் பயமே அதுதான்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
அந்தப் பயிற்சியும் வேண்டும் அம்மா, இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் ரோந்துக் காவலர் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை என்பதால் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. கூட்டம் அடிக்கும், லத்தி விழும், பயந்தவர் ஓடும் ரயிலிலிருந்து குதிப்பார். நேற்று இரவு முழுக்க யோசித்தேன். கொண்டுபோவதைக் குற்றமாக்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த லைட்டர் பையனுக்கும் வயது பதினெட்டோ பத்தொன்பதோதான் இருக்கும். எச்சரித்துத்தான் அனுப்பினேன். அவன் மேல் வழக்குப் போட்டிருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கும் பொம்மை விதி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளுக்குத்தான். நான் பிடித்த லைட்டர் பொம்மை அல்ல. ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கிப் பெட்டியில் "14+" என்று அச்சடித்துவிட்டால் அதுவும் பொம்மை இல்லை என்று ஆகிவிடும். பொம்மைக்கு மட்டும் நிறம் பூசச் சொன்னால் இவையெல்லாம் தப்பிவிடும். பார்வைக்கு நிஜமாகத் தெரிகிற எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி விதி இருக்க வேண்டும்.

பூக்கடை பொம்மைக்காரர்
ஐயா சொல்வது சரி. எங்களுக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் அந்த "14+" உண்டு. வாங்குவது என்னவோ எட்டு வயதுப் பிள்ளைக்கு. பப்ஜி கன் என்றுதான் கேட்பார்கள்.

இந்த விவாதத்தைப் படித்துவிட்டு இன்று காலை கடை திறந்ததும் அலமாரியை எண்ணினேன். துப்பாக்கி 14 வகை, அதில் 9 கறுப்பு. மத்தியானம் ஒரு அம்மா பச்சைத் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்தார். பையன் கறுப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விற்பவன் நான் என்ன சொல்ல முடியும்? கறுப்பே வராமல் இருந்தால் அவன் பச்சையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தயாரிக்கும் இடத்திலும் துறைமுகத்திலும் நிறுத்துங்கள். ஆப்பில் விற்பவரையும் அதே நாளில் நிறுத்துங்கள். கடையில் இருக்கும் சரக்குக்கு இரண்டு தீபாவளி அவகாசம் கொடுங்கள். கறுப்பு ஸ்ப்ரே வாங்கி வீட்டில் அடிப்பவன் அடிக்கத்தான் செய்வான், அதற்கு என்னைப் பிடிக்காதீர்கள்.

மெரினா நடைபயிற்சி
குறுக்கே ஒரு கேள்வி. மெரினாவில் பலூன் சுடும் கடைக்காரர்களின் ஏர்கன் என்னாகும்? எனக்குத் தெரிந்தவர் ஒருவர் முப்பது வருஷமாக அதில்தான் பிழைக்கிறார்.

பாரிமுனை வக்கீல்
அது வேறு கணக்கு. ஏர்கன் ஆயுத விதிகளில் வருகிறது, குழல் 0.177 அங்குலத்துக்கு உட்பட்டதா, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதா என்பதைப் பொறுத்து உரிமம் தேவையா இல்லையா என்று முடிவாகும். பலூன் பலகை முன்னால் மேஜையில் கிடக்கிற துப்பாக்கியைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

வாசுகி மேடம், எங்கே கேட்பது என்பதையும் யோசியுங்கள். ஆயுதம், வெடிமருந்து மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. பொது ஒழுங்கு மாநிலத்திடம் இருப்பதால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில் (பழைய 144) தற்காலிகத் தடை உத்தரவு போடலாம், ஆனால் அது மறுபடியும் தெருவில் போகிறவன் தலையில்தான் விடியும். விற்பனையைப் பிடிக்க வேண்டுமானால், 2020-இல் பொம்மைத் தர உத்தரவு போட்ட அதே வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்திடம்தான் போக வேண்டும்.

சைதாப்பேட்டை வாசுகி
சரி, இன்று இரவே மனு எழுத உட்காருகிறேன். ஒரு பிரதி அமைச்சகத்துக்கு, ஒன்று தரமணியில் இருக்கும் தர நிர்ணய அலுவலகத்துக்கு. லைட்டர், "14+" விஷயத்தை எஸ்.ஐ. ஐயா இரண்டு பத்தியில் எழுதித் தர வேண்டும். அண்ணே, உங்கள் அவகாசக் கோரிக்கையை அப்படியே சேர்க்கிறேன். அந்த 9 கறுப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள். படப்பிடிப்புத் தம்பி, விலக்கு எப்படி இருந்தால் உங்களுக்கு உதவும் என்று நான்கு வரி போதும். மேடம், நீங்கள் படித்துத் திருத்தித் தருவீர்களா?

கோடம்பாக்கம் உதவி இயக்குநர்
வாடகைக்குக் கொடுக்கிற கடைக்கே பதிவு வைத்துவிடுங்கள், அக்கா. எடுத்துப்போகிறவர் முகவரியும் படப்பிடிப்பு இடமும் எழுதி, அந்த ஏரியா ஸ்டேஷனுக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல். அதற்கு மேல் எங்களால் முடியாது. இது முடியும்.

பாரிமுனை வக்கீல்
அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். வைத்திருப்பவரைத் தண்டிக்கிற வரி ஒன்று இருந்தாலும் அடித்துவிடுவேன். அப்புறம், அந்தப் பூக்கார அம்மாவைத் தேடிப் பார்த்தீர்களா? அன்றைய பூவுக்கு யாராவது பணம் கொடுத்தார்களா?

சைதாப்பேட்டை வாசுகி
அந்தப் பையன் தன்னிடம் இருந்த அறுபது ரூபாயைக் கொடுத்தான். மீதியை நாங்கள் நான்கைந்து பேர் போட்டோம். கிண்டியில் இறங்கும் வரை அவனும் கீழே குனிந்து மல்லிகை பொறுக்கிக்கொண்டுதான் இருந்தான்.