ஆண்கள் கபடி அணிக்குப் பெண் எஸ் அண்ட் சி கோச்: ஸ்பாட்டிங்கை (எடை தூக்குபவர் தடுமாறினால் கைகொடுப்பதை) எப்படிச் சமாளிப்பது?

நெல்லை_வாணி:
கல்லூரி ஆண்கள் கபடி அணிக்கு ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் கோச்சாகச் சேர்கிறேன். என் எடை 54 கிலோ, பையன்கள் 75 முதல் 85 வரை. 120 கிலோ ஸ்குவாட்டில் ஒருவன் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஃபார்மைத் தொட்டுத் திருத்தலாமா? இந்தத் துறைக் கோச்களுக்கான அமெரிக்கச் சான்றிதழான சிஎஸ்சிஎஸ் தேர்வு பற்றியும் சொல்லுங்கள்.

இரும்புக்கோல்:
120 கிலோவோடு உட்கார்ந்துபோனவனை எந்தக் கோச்சாலும் தனியாகத் தூக்கிவிட முடியாது, ஆணாக இருந்தாலும் சரி. காப்பாற்ற வேண்டியது ராக்தான், அதாவது பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம். முதல்நாளே வெறும் பாரோடு ஒவ்வொருவரையும் முழு ஆழத்துக்கு உட்காரவைத்து, பார் நிற்கும் இடத்துக்கு 5 செ.மீ. கீழே சேஃப்டி கம்பியைப் பூட்டுங்கள். அதைவிடத் தாழ்த்தினால், மாட்டியவன் முதுகை வளைத்துத்தான் பாரை இறக்க வேண்டிவரும். ராக்குக்கு வெளியே என்றால் ஒரே உயரமுள்ள இருவர், முனைக்கு ஒருவர். "எடு" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பார் சாய்ந்து இடுப்பு திருகும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் வீரனின் கைகளுக்கு உள்பக்கம், ஒரு கை மேலாக, ஒரு கை கீழாகப் பிடியுங்கள். பாரை வேகமாகத் தூக்கும் கிளீன், ஸ்னாட்ச் இரண்டுக்கும் ஸ்பாட்டிங்கே கூடாது. பாரை முன்னால் விட்டுப் பின்னால் நகரும் பழக்கத்தை வெறும் பாரிலேயே ஏற்றிவிடுங்கள்.

முதல் வாரம் 1ஆர்எம் (ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை) சோதனை வேண்டாம், கணக்குப் போட்டே மதிப்பிடலாம். 80 கிலோவை 5 முறை எடுத்தால் 80 × (1 + 5/30), சுமார் 93 கிலோ. பிளேட்டை அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்ற விடாதீர்கள். எடையைப் போர்டில் எழுதிப்போடுங்கள். கடைசி செட்டில் குறித்ததைவிட 2 ரெப் கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சியில் எடுத்தால் மட்டும் 2.5 கிலோ கூட்டுங்கள்.

தண்டால்_பஸ்கி:
வாணி மேடம், தொடத் தேவையே இல்லை. ஒரு பிவிசி குழாய் போதும். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழுள்ள எலும்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்க வேண்டும். குனியும்போது எங்கே விலகுகிறதோ அங்கேதான் கோளாறு, பையனுக்கே தெரிந்துவிடும். மிச்சத்தை மொபைலில் பக்கவாட்டில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள்.

கோவை_ஃபிட்:
சிஎஸ்சிஎஸ்ஸுக்குப் பட்டமும் சிபிஆர் (இதய முதலுதவி) சான்றும் வேண்டும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். அறிவியல் பகுதிக்கு ஒன்றரை மணி நேரம், செயல்முறைப் பகுதிக்கு இரண்டரை. இரண்டிலும் தனித்தனியாக ஸ்கேல்டு ஸ்கோர் (தேர்வின் கடினத்துக்கேற்பச் சரிசெய்த மதிப்பெண்) 70 வர வேண்டும். பலர் கோட்டைவிடுவது வீடியோ பார்த்துத் தவறைச் சொல்லும் கேள்விகளில்.

அமெரிக்க பேஸ்பாலில் ரேச்சல் பால்கோவெக் என்ற பெண் ஸ்ட்ரென்த் கோச்சுக்கு, விண்ணப்பத்தில் பெயரைப் பெண் என்று தெரியாதபடி 'ரே' என்று மாற்றிய பிறகுதான் அழைப்பே வரத்தொடங்கியது. அவர்தான் 2022இல் டாம்பா டார்பன்ஸ் ஆண்கள் அணிக்கு மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைக் கோச்) ஆனார். நீங்கள் பெயரை மாற்றாமலே உள்ளே போகிறீர்கள், வாழ்த்துகள்.

நெல்லை_வாணி:
நன்றி! ராக் ஒன்றுதான் இருக்கிறது, ஆள் 15.

இரும்புக்கோல்:
ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள், ஆனால் உயரப்படி. அப்போது ஒரு குழு முடியும்வரை சேஃப்டி கம்பியை அநேகமாகத் தொட வேண்டியதில்லை. மற்ற இரண்டு குழுவுக்கு புல்-அப்பும் டம்பெல் ஆர்டிஎல்லும் (ரொமேனியன் டெட்லிஃப்ட், எடையோடு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது). நீங்கள் ராக்கின் பக்கத்தில், சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள்; 15 பேரும் பார்வையில் இருப்பார்கள்.