ராக்கெட்டின் திட உந்துபொருள் எரிவதைக் கணினியில் சிமுலேஷன் செய்தபோது உங்களைக் குழப்பிய முடிவு எது?

எனக்கு மாட்டியது ஒரு 2,000 ஹெர்ட்ஸ் அலைவு. ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் துகள்களை, எரிபொருளான எச்டிபிபி ரப்பரில் குழைத்த வழக்கமான உந்துபொருள்தான். வேறொரு குழு எழுதிய நிரல் எங்கள் கைக்கு வந்திருந்தது. 7 மெகாபாஸ்கலில் ஓட்டினால் எரிவீதம், அதாவது எரியும் பரப்பு பின்வாங்கும் வேகம், சராசரியாக நொடிக்கு 10 மி.மீ. அதில் குறையில்லை. ஆனால் அந்தச் சராசரியைச் சுற்றி, தாளம் தப்பாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

பாதிப் பேர் இதை நிஜமான எரிதல் அலைவு என்றே நம்பிவிட்டார்கள். நம்பக் காரணமும் இருந்தது. எரியும் பரப்புக்குக் கீழே சூடேறும் அடுக்கு இந்த வேகத்தில் சுமார் 10 மைக்ரான்தான். அது எரிந்து தீர ஒரு மில்லிநொடி ஆகும். ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் உந்துபொருள் துடிப்பது நடக்கக்கூடியதுதான். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று.

எனக்கு உறுத்தியது அந்த எண். கணக்குப் போட உந்துபொருளைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோமே, அந்த மெஷின் ஒரு செல் 5 மைக்ரான். (10 மைக்ரான் அடுக்குக்கு இரண்டே செல்! அதைப் பற்றித் தனியாகப் புலம்பலாம்.) நொடிக்கு 10 மி.மீ. பின்வாங்கும் பரப்பு ஒரு நொடியில் எத்தனை செல்களைத் தாண்டும்? சரியாக 2,000. செல்லைப் பாதியாக்கினோம், அலைவு 4,000க்குத் தாவியது. பரப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம், வெப்பநிலைச் சரிவைக் கணக்கிடும் புள்ளிகள் மாறுகின்றன. உள்ளே பாயும் வெப்பம் ஒரு குதி குதிக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

முப்பரிமாணத்தில் மெஷைப் பாதியாக்குவது கட்டுப்படியாகாது. அப்போது அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். எரிவீதம் இரு மடங்கானால் மெஷ் அலைவும் இரு மடங்காகும். நிஜ அலைவோ எரிவீதத்தின் வர்க்கத்தை ஒட்டி, ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

*

எங்கள் குழுவைக் குழப்பியது அலைவு இல்லை, அளவுக்கு மீறிய பொருத்தம். பெரிய துகள்களைத் தனித்தனியாக வைத்துவிட்டு, மெஷுக்குள் அடங்காத பொடியை ரப்பரோடு சேர்த்து ஒரே கலவையாகக் கொள்வது வழக்கம். அந்தக் கலவையின் வினை மாறிலிகளைத் திருகித் திருகி, ஒரே ஒரு அழுத்தத்தில் எரிவீதத்தைச் சோதனையோடு ஒட்டவைத்திருந்தார்கள். மற்ற அழுத்தங்களில் ஓட்டினால் அழுத்தத்தோடு எரிவீதம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும் அடுக்கெண் 0.35 வர வேண்டிய இடத்தில் 0.5 வந்தது.

இது சின்ன வித்தியாசமில்லை. எரிபரப்பு 10% கூடினால் அறை அழுத்தம் முதல் கணக்கில் 16% ஏறும், இரண்டாவதில் 21%. மோட்டார் உறையை வடிவமைப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். இப்போதெல்லாம் யாராவது ஒரே புள்ளியில் பொருந்திய வரைபடத்தைக் காட்டினால், இன்னும் மூன்று அழுத்தங்களில் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

*

சரி, உந்துபொருளில் அலுமினியத் துகள்களையும் சேர்த்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? துகள்கள் பரப்பிலேயே உருகி ஒட்டி, பெரிய துளியாகிக் கிளம்புகின்றன அல்லவா, அந்தத் துளி எப்போது பரப்பை விட்டுப் பிரிய வேண்டும் என்ற விதியை நாங்கள் கையால்தான் எழுதுகிறோம். அதைக் கொஞ்சம் அசைத்தால் துளியின் அளவு மொத்தமும் மாறிவிடுகிறது. நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு அந்த விதியை எழுதுகிறீர்கள்?